ஒன்பது மணி நேர ஈரம்

வால்மியேராவில் மே மாத மழைக்கு அவசரமே கிடையாது.
கௌயா ஆற்றின் மேல் கிளம்பி
ரயில் பாதையைத் தாண்டி
என் கொல்லைக்கு வந்து சேர
ஒரு முழுப் பகல் எடுத்துக்கொள்ளும்.
வந்தால் போகாது.

இலை ஒன்பது மணி நேரம் நனைந்தே இருந்தால் போதும்,
சொறி இறங்கிவிடும்.
முதலில் எண்ணெய் பட்ட காகிதம் போல ஒரு மங்கல்,
பிறகு ஆலிவ் நிறத்தில் வெல்வெட்,
பிறகு கருப்பு.
ஜூலையில் பாதி மரம்
சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்கும்.

ரகத்தின் பெயர் சீபொலின்ஷ்.
எங்கள் மொழியில் சின்ன வெங்காயம்.
பழம் தட்டையாக, சிவப்பாக
வெங்காயம் போலவேதான் இருக்கும்,
அழ வைப்பதிலும்.

பக்கத்து வீட்டு குன்வால்டிஸ்
வேலிக்கு மேல் ஒரு டப்பாவை நீட்டினார்.
துரு, கிழிந்த லேபிள், அதில் பாதி மண்டையோடு.
'ஒரு தடவை அடி. பூஞ்சை, புழு, பூனை
எதுவும் கிட்ட வராது.'
'உங்கள் தேனீக்கள்?' என்றேன்.
டப்பா வந்த வழியே திரும்பிப் போயிற்று.

மார்ச்சில் மரத்தின் நடுவைத் திறந்தேன்.
தொப்பியை வீசினால் கிளையில் மாட்டாமல்
அந்தப் பக்கம் விழ வேண்டும்.
மூன்று முறை மாட்டியது. மூன்று முறை வெட்டினேன்.

மொட்டு பச்சை காட்டியதும் கந்தகம்.
மழைக்கு முந்தைய மாலைகளில்,
ரொட்டி ஆலையின் இரவு ஷிஃப்டுக்குப் போகுமுன்.
'மாவு பிசையும் இடத்தில் தீக்குச்சி கிழித்தது யார்?'
என்று இங்கூனா மூக்கை உறிஞ்சிக்கொண்டே
எல்லோரையும் கடந்து என்னிடம் வந்து நின்றாள்.

பூத்திருந்த பத்து நாளும்
தெளிப்பானைத் தொடவில்லை.
பத்து நாளும் மழை.

ஜூனில் ஒரு பிழை.
உச்சி வெயிலில் கந்தகம் அடித்தேன்.
தெற்குக் கிளை கருகிச் சுருண்டது.
அது நோயில்லை. நான்.

குதிரைவால் பூண்டைக் கொதிக்க வைத்ததில்
அடுக்களை இரண்டு நாள் குளமாக நாறியது.
தளிர் நுனியில் வெள்ளை மாவு பூத்தபோது
ஒன்பது பங்கு தண்ணீரில் ஒரு பங்கு பால்.
'மரத்துக்குப் பால், என் கஞ்சிக்கு வெந்நீரா?'
என்றான் ரூடிஸ்.
ஆனாலும் ஞாயிறுதோறும் நூறு இலை பார்த்து
புள்ளி விழுந்தவற்றை எண்ணி
குளிர்பெட்டிக் கதவில் பென்சிலால் எழுதினான்.
ஆகஸ்ட் கடைசியில்: அறுபத்தொன்று.

அது தூங்குவது மரத்தில் இல்லை,
உதிர்ந்த இலையில்.
அக்டோபரில் என் பக்கம் வாரி முடித்து நிமிர்ந்தால்
வேலிக்கு அப்பால் முழங்கால் அளவு மஞ்சள்.
'உங்கள் இலையையும் வாரிக்கொள்ளட்டுமா?'
குன்வால்டிஸ் வெகுநேரம் யோசித்தார்.
'இலை என்னுடையது.
மக்கியதும் பாதி வரவேண்டும்.'
படிக்கட்டில் நின்று மூட்டைகளை எண்ணினார். பதினான்கு.

வாரிக்குத் தப்பியவை கிடக்கத்தான் செய்தன.
நவம்பரில் ஒருநாள், விடியக் காலை நாலரை,
ஷிஃப்ட் முடிந்து சைக்கிளைச் சாய்த்தபோது
நடுமுற்றத்தில் ஓர் இலை
காம்பை முன்னே விட்டு நகர்ந்தது.
விளக்கைத் திருப்பினேன்.
மண்புழு. இழுத்துச் சுருட்டித்
தன் துளைக்குள் திணித்துக்கொண்டிருந்தது.
இன்னொன்று. அங்கே இன்னொன்று.
எனக்கு முன்பே சேர்ந்து
இன்னும் கை கழுவாத இரவு ஷிஃப்ட்.
விளக்கை அணைத்துவிட்டு
ஓரமாக நடந்து வீட்டுக்குள் போனேன்.

இந்த வருடம் ஆகஸ்ட் எண் என்னவாகும், தெரியாது.
இப்போது மே. நேற்றிரவு பிடித்த மழை.
தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது, கடிகாரம் எதிரில்.
ஆறாவது மணி. ஏழாவது.
எட்டைத் தாண்டி இருபதாவது நிமிடம்
ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது.
வெறுங்காலோடு போய் ஓர் இலையைத் தொட்டேன்.
மேல்பக்கம் உலர்ந்திருந்தது.
அடிப்பக்கம்,
இன்னும் இல்லை.